செக் சட்டைக்காரரும் பாரசீக ராஜாவும்

செக் சட்டை போட்ட ஒருவர் செக் மாற்ற பேங்குக்குப் போனார். வழியில் செக்போஸ்ட்டில் நிறுத்தி அவர் வண்டியை செக் பண்ணினார்கள்.

இந்த வாக்கியத்தில் நம் ஆட்கள் யாருக்கும் குழப்பம் வராது. சட்டையில் இருப்பது கட்டம், பையில் இருப்பது காசோலை, சாலையில் இருப்பது தடுப்பு, போலீஸ்காரர் செய்வது சோதனை. ஒரே வாக்கியத்தில் நாலு செக். மொழி தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமில்லாமல் டீக்கடையில் இருந்து கோர்ட் வரை எல்லோரும் இந்தச் சொல்லைப் புழங்குகிறோம். போதாததற்கு, அரசியல் வாரப் பத்திரிகைகளில் வாரம் ஒருவர் இன்னொருவருக்கு ‘செக்’ வைக்கிறார்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு நிறையப் பொருள் இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது, அது ஒரே சொல்தானா என்பதை. கிரிக்கெட் மட்டையும் பேட், வௌவாலும் பேட். இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்து, உச்சரிப்பு தேய்ந்து தேய்ந்து கடைசியில் ஒரே உருவத்தில் வந்து நின்றவை. அந்த ஒற்றுமை வெறும் தற்செயல். செக் விஷயம் அப்படியில்லை. சட்டை, காசோலை, சாலைத் தடுப்பு, சோதனை எல்லாமே ஒரே ஆளுடைய வாரிசுகள். அந்த ஆள் பாரசீக ராஜா. ‘ஷா’ என்ற சொல்தான் ஊர் ஊராகப் போய்ச் செக் ஆகியிருக்கிறது.

ஷாவுக்கு முன்னாலும் கொஞ்சம் கதை இருக்கிறது. ஈரானில் பெஹிஸ்தூன் மலைப்பாறையில், இன்றைக்கு 2,500 ஆண்டுகளுக்கு முன் மாமன்னன் டேரியஸ் வெட்டி வைத்த கல்வெட்டில் அரசனுக்கான பழைய பாரசீகச் சொல் ‘க்ஷாயதிய’. இதைக் கேட்டதும் நமக்கு ஏதோ பழக்கப்பட்ட ஓசை போலத் தோன்றும். தோன்றுவது சரிதான். சமஸ்கிருதத்தின் க்ஷத்ர, க்ஷத்திரிய என்ற சொற்களுக்கும் இதற்கும் வேர் ஒன்று என்பது மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விஷயம். ஆளுதல், அதிகாரம் என்பது அந்த வேரின் பொருள். அப்படிப் பார்த்தால் சத்திரியனும், பாதுஷாவின் வாலில் ஒட்டியிருக்கும் ஷாவும், பேங்க் செக்கும் பங்காளிகள். குலதெய்வம் கூட ஒன்றாக இருக்கலாம்!

க்ஷாயதிய தேய்ந்து ஷா ஆன காலத்தில், இந்தியாவிலிருந்து ஓர் ஆட்டம் பாரசீகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. சதுரங்கம். இந்தப் பெயரில் சதுரமான அரங்கு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ‘சதுர் அங்கம்’, அதாவது நாலு உறுப்பு: தேர், யானை, குதிரை, காலாள். நம் நால்வகைப் படையேதான். பாரசீகர்கள் வாயில் அது சத்ரங் ஆனது, அரபுக்காரர்கள் வாயில் ஷத்ரஞ்ச் ஆனது. எதிராளியின் ராஜாவைத் தாக்கும் காயை நகர்த்தியவுடன் ‘ஷா!’ என்று குரல் கொடுப்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். உன் ராஜாவுக்கு ஆபத்து, பார்த்துக்கொள் என்று பொருள். ஆட்டம் முடிந்தால் ‘ஷா மாத்’. இதற்கு ராஜா செத்தான் என்று அரபு வழியில் பொருள் சொல்வார்கள். பாரசீக வழியில் ராஜா வழி தெரியாமல் நின்றுபோனான் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆட்டத்தில் கடைசி வரை ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே. அவன் போக இடமில்லாமல் நிற்கிறான், அவ்வளவுதான்.

ஆட்டம் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்பானியர்களும் போர்ச்சுகீசியர்களும் அரபுப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். அஹெத்ரஸ், ஷத்ரேஸ் என்று இன்றும் அவர்கள் சொல்வதற்குள் நம் நால்வகைப் படை ஒளிந்திருக்கிறது. மற்றவர்கள் பெரும்பாலும் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, ஆடும்போது கேட்ட அந்தக் கூச்சலையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஜெர்மானியர்களுக்கு ஷாக், ரஷ்யர்களுக்கு ஷாக்மதி. பழைய பிரெஞ்சில் எஷெக். அதன் பன்மையைத்தான் ஆங்கிலத்தார் வாங்கித் தலையை வெட்டி செஸ் ஆக்கினார்கள். ஆக, செஸ் என்றாலே ‘செக்குகள்’, இன்னும் பச்சையாகச் சொன்னால் ‘ராஜாக்கள்’. இன்றைய பிரெஞ்சில் எஷெக் என்றால் தோல்வி.

சொல்லின் பொருள் எப்படி நகர்ந்தது என்பதைப் பார்க்க ஆட்டத்தை நினைத்துக்கொண்டாலே போதும். உன் ராஜாவுக்கு ஆபத்து என்று ஒருவன் சொன்னதும் மற்றவன் தன் திட்டத்தையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு அதைத்தான் கவனிக்க வேண்டும். அவன் வேகத்துக்குத் தடை விழுந்துவிட்டது. அதனால் செக் என்றால் திடீரென்று நிறுத்துவது. ஒருமுறை நிறுத்துவது போய், எப்போதும் கட்டுக்குள் வைத்திருப்பது. கிரிக்கெட் வர்ணனையில் செக் டிரைவ் என்கிறார்களே, மட்டை முழுச் சுற்றும் போகாமல் பாதியில் நின்றுவிடும் அடி, அதில் இந்தப் பழைய பொருள் கெடாமல் இருக்கிறது. நம் வாரப் பத்திரிகைகளின் ‘செக்’ அதைவிடப் பழசு. எதிராளி அசைய முடியாதபடி ஒரு காயை நகர்த்துவது என்று அவர்கள் எழுதும்போது, லண்டன் பத்திரிகைகளைவிடப் பாரசீகத்துக்கு அருகில் இருக்கிறார்கள்.

1788இல் அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து ஜேம்ஸ் மேடிசன் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே, அரசின் ஒரு துறையை மற்றொரு துறை கட்டுக்குள் வைப்பதற்குச் ‘செக்ஸ் அண்ட் பேலன்சஸ்’ என்ற தொடர் வருகிறது. ராஜாவே வேண்டாம் என்று சண்டை போட்டு விடுபட்ட ஒரு நாடு, இனி ஒருவர் ராஜா ஆகிவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு வைத்த பெயருக்குள் ராஜா என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. மேடிசனுக்கு இது தோன்றியிருக்காது. சொல் அத்தனை தூரம் உருமாறி வந்துவிட்டது.

சரி, இது கூச்சல் போன வழி. ஆட்டத்தின் பலகை போன வழி வேறு.

காய் ஆடும் கட்டப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் எஷெக்கியே. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் அதைச் செக்கர் என்கிறார். அந்தப் பலகைபோலக் கட்டம் கட்டமாக எது இருந்தாலும் செக்கர், சுருக்கமாகச் செக். சட்டைக்கு அந்தப் பெயர் வந்த வழி இதுதான். நாமும் சட்டையில் இருப்பதைக் கட்டம் என்கிறோம், செஸ் பலகையில் இருப்பதையும் கட்டம் என்கிறோம். யாரிடமும் கடன் வாங்காமல் அதே முடிவுக்கு வந்திருக்கிறோம். ஜாதகக் கட்டம் நமக்குக் கூடுதல் வசதி.

கட்டத் துணி விஷயத்தில் ஆங்கிலத்துக்கே நம் ஊர் பெயர் கொடுத்திருக்கிறது. சாயம் தோய்த்த பருத்தி நூலைப் பாவிலும் ஊடிலும் மாற்றி மாற்றி விட்டு நெய்யும் மெல்லிய கட்டத் துணிக்கு உலகம் முழுக்க ‘மெட்ராஸ்’ என்றே பெயர். கரீபியனில் செயின்ட் லூசியா, மார்டினிக் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் துணி மெட்ராஸ். செயின்ட் லூசியாவின் தேசிய உடையிலேயே அது இருக்கிறது. நைஜீரியாவில் இங்கிருந்து போன துணிக்கு ‘ஜார்ஜ்’ என்று பெயர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் சட்டை துவைக்கத் துவைக்கச் சாயம் போயிற்று. நம் ஊராக இருந்தால் கடைக்காரர் சட்டையைப் பிடித்திருப்போம். அங்கே ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்து அதையே பெருமையாக்கி விற்றார்கள்.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கட்டம் போட்ட ஒரு மேசை.

பிரிட்டனின் நிதியமைச்சரை இன்றும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்கிறார்கள். எக்ஸ்செக்கர் என்றால் கருவூலம். முதலாம் ஹென்றி மன்னன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அப்போது கணக்கெல்லாம் ரோமன் எண்களில். ரோமன் எண்ணில் கூட்டிப் பாருங்கள், அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். கணக்கோ பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று ஏறுக்குமாறானது. அதற்கு அவர்கள் கண்ட வழி, ஏறத்தாழ பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாமல் இருக்க நாலு பக்கமும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு: பென்ஸ், ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். அதில் வில்லைகளை வைத்து நகர்த்தி, எல்லோரும் கண்ணால் பார்க்கும்படி கணக்குப் பார்ப்பார்கள். ஈஸ்டர் சமயம் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் மிக்கேல் திருநாள் சமயம் ஒரு தடவை மாவட்ட அதிகாரிகளான ஷெரீஃபுகள் வந்து வசூல் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

அந்தக் கருவூலத்தின் தலைமைப் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் இந்த நடைமுறைகளை லத்தீனில் எழுதி வைத்தார். சீடன் கேட்க, குரு சொல்வதாக அமைந்த நூல். நம் ஊர்ச் சாத்திர நூல்கள் போல. இதற்கு ஏன் எக்ஸ்செக்கர் என்று பெயர் என்று சீடன் கேட்கிறான். சதுரங்கப் பலகை போல இருப்பதுதான் காரணம் என்கிறார் குரு. அதோடு விடவில்லை. அங்கே இரண்டு ராஜாக்களுக்கு நடுவே போர் நடக்கிறது, இங்கே பொருளாளருக்கும் ஷெரீஃபுக்கும் நடுவே போர் நடக்கிறது, மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். தன் வேலையை ரசித்துச் செய்த மனிதர் என்று தெரிகிறது. ஆடிட் நடக்கும் வாரத்தில் எந்த அலுவலகத்துக்காவது போயிருந்தால் அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது உங்களுக்கே புரியும்.

கட்டிய பணத்துக்கு ரசீது? காகிதம் இல்லை. குச்சிதான் ரசீது. ஹேசல் மரக் குச்சியில் தொகைக்குத் தக்க வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. பென்னிக்கு வெறும் கீறல். இந்த அளவுகளும் ஃபிட்ஸ்நீல் எழுதியவைதாம். பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். பெரிய துண்டு பணம் கட்டியவருக்கு, சின்னது கருவூலத்துக்கு. அடுத்த தணிக்கையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். ஒரு துண்டில் புதிதாக ஒரு வெட்டுப் போட்டு ஏமாற்ற நினைத்தால் மற்றத் துண்டு காட்டிக் கொடுத்துவிடும். பெரிய துண்டுக்கு ஸ்டாக் என்று பெயர், அதாவது கட்டை. சின்னது ஃபாயில். பங்குச் சந்தை ஸ்டாக்குக்கும் இந்தக் கட்டையைக் காட்டுபவர்கள் உண்டு. ரசீதுப் புத்தகத்தில் கிழித்ததுபோக நம்மிடம் மிஞ்சும் பகுதியை அவர்கள் கவுன்டர்ஃபாயில் என்கிறார்கள். நாம் அதை அடிக்கட்டை என்கிறோம். யார் வைத்த பெயரோ, நல்ல பெயர்.

இந்தக் குச்சி நிர்வாகம் எத்தனை நாள் ஓடியது என்று நினைக்கிறீர்கள்? 1782இல் ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். ஏற்கெனவே பதவியில் இருந்த அதிகாரிகளின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்று, உண்மையில் அது நின்றது 1826இல். அரசு வேலை என்றால் அப்படித்தான். பிறகு மூட்டை மூட்டையாக மிஞ்சிய பழைய குச்சிகளை என்ன செய்வது? ஏழை பாழைகளுக்கு விறகுக்குக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த உலைகளில் நாள் முழுக்கப் போட்டு எரித்தார்கள். காய்ந்த மரம். சூடு புகைபோக்கியைத் தாண்டியது. மாலைக்குள் பிரபுக்கள் சபை, மக்கள் சபை இரண்டும் தீக்கிரையாகிவிட்டன. ஓவியர் டர்னர் அந்தத் தீயைப் பார்த்து இரண்டு எண்ணெய் ஓவியங்கள் தீட்டினார். இன்று தேம்ஸ் கரையில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் நாடாளுமன்றமும் பிக் பென் கோபுரமும் அதற்குப் பிறகு கட்டியவை. ரசீதுகளைக் கொளுத்தப் போய் நாடாளுமன்றத்தையே கொளுத்தியவர்கள் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

குச்சி போனாலும் அதன் உத்தி போகவில்லை. ஒரு சீட்டுக்கு ஜோடியாக ஒரு மறுபாதி இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் இரண்டையும் ஒப்பிட வேண்டும், திருட்டுத்தனத்தை அப்படித் தடுக்க வேண்டும். தடுப்பது என்ற பழைய செக், சரிபார்ப்பது என்ற புதிய செக்காக மாறிய இடம் இதுதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவூலச் சீட்டுகளின் அடிக்கட்டைக்கே செக் என்று பெயர் இருந்தது. அடிக்கட்டைக்கு இருந்த பெயர் மெல்ல மெல்லக் கிழித்துக் கொடுக்கும் தாளுக்குத் தாவிவிட்டது. அந்தத் தாள் அதற்கு முன்பே புழக்கத்தில்தான் இருந்தது. இங்கிலாந்தில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய காசோலைகளில் ஒன்று 1659ஐச் சேர்ந்தது, 400 பவுண்டுக்கு எழுதப்பட்டது. பெயர் மட்டும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

காசோலைக்குக் கே எழுத்தா, க்யூ எழுத்தா என்ற குழப்பம் நெடுநாள் இருந்தது. வங்கியாளர் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட் 1828இல், பெரும்பாலோர் கே போட்டு எழுதினாலும் தான் க்யூ போடுவதாகச் சொல்லிக் காரணமும் சொன்னார்: வேறு செக்குகளோடு குழம்பாது, அரசின் எக்ஸ்செக்கரோடும் ஒத்துப் போகும். பிரிட்டனும் அதன் வழியில் நாமும் அதையே பிடித்துக்கொண்டோம். அமெரிக்கர்கள் கேயை விடவில்லை. ஓட்டலில் சாப்பிட்ட பில்லைக்கூட அவர்கள் செக் என்கிறார்கள். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் வேறொரு நாள் வந்து பார்க்க 1880களில் கொடுத்த சீட்டும் செக்தான். ‘ரெய்ன் செக்’ என்பது இப்போது, இன்றைக்கு முடியாது பிறகு பார்க்கலாம் என்று நாசூக்காக நழுவும் பேச்சு.

இதற்குள் ஒரு போட்டி விளக்கமும் இருக்கிறது. அரபு மொழியில் ‘ஸக்’ என்றால் பணம் கொடுக்கச் சொல்லி எழுதிய பத்திரம். பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் சகாரா பாலைவனத்தின் தென்கோடியில் அவுதகுஸ்த் என்ற ஊரில் 42,000 தினாருக்கு எழுதிய ஒரு ஸக்கைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். பொருளும் ஓசையும் இத்தனை நெருங்கினால் அதுதான் மூலம் என்று சொல்ல யாருக்கும் ஆசை வரும்; பலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் அடிக்கட்டைக்கு இருந்து, பிறகு தாளுக்கு நகர்ந்த தடம் எழுத்தில் கிடைக்கிறது. அதனால் நான் சதுரங்கத்தின் பக்கம்தான். ஓசையை மட்டும் நம்பினால் வ.உ.சி. இழுத்த செக்கையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடலாம். செக்கு நம் சொந்தச் சொல். செக் குடியரசு என்ற நாடோ ஒரு ஸ்லாவிய இனத்தின் பெயர். செக்கு எது சிவலிங்கம் எது என்று பார்க்காமல் இறங்கக் கூடாது என்று பழமொழியே இருக்கிறது.

போன வருடம் நான் எழுதிய செக் ஒன்றை பேங்கில் திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பல வருடங்களுக்கு முன் கணக்குத் தொடங்கும்போது போட்ட மாதிரிக் கையெழுத்து அவர்களிடம் இருக்கிறது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எரிச்சலாக இருந்தாலும் மறுக்க முடியவில்லை. பிளந்த குச்சியின் இரண்டு பாதியைப் பொருத்திப் பார்ப்பதுதானே இது. பொருந்தவில்லை. நல்லவேளை, பணமில்லாமல் திரும்பினால்தான் வம்பு. 1881ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138வது பிரிவு 1988இல் சேர்க்கப்பட்ட பிறகு அது குற்றவியல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. செக் மோசடி வழக்கு என்று மாவட்டச் செய்திகளில் வருவதில் பெரும்பாலானவை இந்தப் பிரிவுதான்.

காசோலைக்கு வயதாகிவிட்டது. டென்மார்க் 2017இல் கைவிட்டது, நியூசிலாந்து வங்கிகள் 2021க்குள் கைவிட்டன. பிரிட்டனில் 2018க்குள் ஒழிப்பதாக 2009இல் அறிவித்தார்கள். வயதானவர்களும் அறக்கட்டளைகளும் போட்ட சத்தத்தில் 2011இல் பின்வாங்கினார்கள். குச்சியை விடவே நாற்பத்து நாலு வருடம் எடுத்துக்கொண்ட ஊர் அது. இங்கே பூக்காரம்மா கூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். என் செக் புத்தகத்தில் இருந்து இப்போதெல்லாம் நான் கிழிக்கும் தாள்கள் பணத்துக்காகப் போவதே இல்லை. கடன் வாங்க வேண்டுமா, புது வேலையில் சம்பளக் கணக்கு சேர்க்க வேண்டுமா, எல்லோரும் கேட்பது ‘கேன்சல்டு செக் ஒண்ணு குடுங்க’. குறுக்கே இரண்டு கோடு கிழித்து, நடுவில் கேன்சல்டு என்று எழுதிக் கொடுக்கிறோம். அதை வைத்து ஒரு பைசா எடுக்க முடியாது. கணக்கு எண்ணும் பெயரும் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான் அது. அடிக்கட்டைக்கு முதன்முதலில் செக் என்று பெயர் வைத்ததும் அதே வேலைக்குத்தான்.